அசதியின் உயிரியல்: சில குறிப்புகள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் மூன்றாவதைத் தமிழ் எம்.ஏ. வகுப்புகளில் யாரும் நின்று பார்ப்பதில்லை. 'தளர்ச்சி' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம். பேராசிரியர் உரை அப்படி விட்டுவிடுவதில்லை. முன்பிருந்த நிலை குலைந்து, தான் வேறொன்றாக ஆகிப்போய், அதனால் வருந்துவது என்பதாக அவர் அசைவை விளக்குகிறார். வேலை செய்த களைப்பை இப்படி யாரும் விளக்கமாட்டார்கள். களைப்பு தூங்கினால் போய்விடும். எழுந்த பிறகு நாம் பழைய ஆள்தான். பேராசிரியர் சொல்வது பழைய ஆள் திரும்பி வராத ஒரு தளர்ச்சியை.

சோம்பலுக்குத் தமிழில் 'மடி' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. வள்ளுவர் அதைக் குடியைக் கெடுக்கும் குற்றமாகக் கண்டு 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே எழுதினார். ஆக, அசைவு துயரத்தின் பட்டியலில் இருக்கிறது, மடி குற்றத்தின் பட்டியலில். பட்டியல்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சி: பட்டப்பகலில் ஒருவர் படுத்திருக்கிறார். அந்தக் காட்சிக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் மாமியாரிடம், மேஸ்திரியிடம், மருத்துவரிடம் என்று மாறி மாறி இருந்துவந்திருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆய்வுக்கூடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது, அங்கே நடப்பது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இருக்கும் ஓர் உடலுக்கு எந்த அளவுக்கு வந்து சேரும் என்பதுதான் இங்கு என் அக்கறை.

நோயின் பெயரிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. இரண்டு பெயர்களைச் சேர்த்து ஒட்டவைத்திருக்கிறார்கள். ஒன்று மயால்ஜிக் என்செஃபலோமையலைட்டிஸ். தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி என்று பொருள். மற்றது க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், அதாவது நீடித்த களைப்பு நோய்க்குறித் தொகுதி. முதற்பெயர் நிரூபணமாகாத ஒன்றை நிரூபணமானதுபோலப் பேசுகிறது. இரண்டாவது பெயர், 'எனக்குங்கூடத்தான் எப்பப் பாத்தாலும் களைப்பா இருக்கு' என்று எதிரில் இருப்பவரைச் சொல்லவைக்கிறது. பேராசிரியரிடம் கடன் வாங்கி நான் இதை 'அசைவு நோய்' என்று எழுதுகிறேன். இன்றைய தமிழில் அசைவு என்றால் இயக்கம். சொல்லின் பொருள் தலைகீழாகப் போய்விட்டது. பரவாயில்லை, இந்த நோயில் எல்லாமே அப்படித்தான்.

தலைகீழ் என்று ஏன் சொல்கிறேன்? பல நோய்களில் கொஞ்சம் நடந்தால், உடம்பைப் பழக்கினால் நல்லது. இதில் உழைப்பே நஞ்சாகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தளர்ச்சி, தூங்கியும் தெளியாத உடம்பு, நின்றால் தலைசுற்றல், சொல் மறந்துபோவது, படித்த வரியையே திரும்பப் படிப்பது என்று அறிகுறிகள் பல. ஆனாலும் நோயின் முத்திரை வேறு. சக்திக்கு மீறிய ஒரு சின்ன வேலை, சில சமயம் ஒரு நீண்ட உரையாடல்கூடப் போதும். சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்து உடம்பு மொத்தமாகச் சரிகிறது, அந்தச் சரிவு நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கிறது. 'உழைப்புக்குப் பிந்திய சரிவு' என்று இதைச் சொல்லலாம். அமெரிக்க மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இதை இந்நோயின் கட்டாய அடையாளமாக ஆக்கியது. அந்த நாட்டில் மட்டும் 8.36 லட்சம் முதல் 25 லட்சம் பேர்வரை இந்த நோயோடு இருக்கலாம் என்றும், பெரும்பாலானவர்களுக்கு நோய் இன்னதென்றே கண்டறியப்படவில்லை என்றும் அதே அறிக்கை மதிப்பிட்டது.

கட்டாய அடையாளத்தைக் கண்டுகொள்ளவே இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? 1955 ஜூலையில் லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு தொற்று பரவியது. அந்த ஆண்டில் 292 ஊழியர்கள் விழுந்தார்கள், மருத்துவமனையையே அக்டோபர்வரை மூட வேண்டியிருந்தது. விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் செவிலியர். மெல்வின் ராம்சே என்ற மருத்துவர் இதை நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு தொற்றாகவே கடைசிவரை கருதினார். ஆனால் 1970இல் மெக்கெவடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், பெண்களிடம் அதிகம் காணப்பட்டதையே முக்கியச் சான்றுகளில் ஒன்றாகக் காட்டி இது 'கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். நோயுற்ற பெண்களை அவர்கள் பரிசோதிக்கவில்லை, பழைய கேஸ் குறிப்புகளைத்தான் வாசித்தார்கள். பிரதியை மட்டும் வாசித்து உடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இந்த முறை நம் விமர்சகர்களுக்குப் புதிதல்ல.

அடுத்த பெரிய திருப்பம் ஓர் ஏரிக்கரையில் நடந்தது. 1984-85இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டாஹோ ஏரியை ஒட்டிய இன்க்ளைன் வில்லேஜ் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலைப்போல் ஏதோ வந்து, அதிலிருந்து எழவே முடியாமல் போனார்கள். உள்ளூர் மருத்துவர்கள் இருவர் சொல்லி அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வந்து பார்த்தது. 1988இல் 'நீடித்த களைப்பு' என்ற பெயர் பிறந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். டாஹோ வசதியானவர்கள் வீடு கட்டிக்கொள்ளும் இடம். பத்திரிகைகள் இதற்கு 'யுப்பி ஃப்ளூ' என்று பெயர் வைத்தன. நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்கு வரும் சொகுசுக் காய்ச்சல் என்று அர்த்தம். 1999இல் லியனார்ட் ஜேசன் குழுவினர் சிகாகோ நகரில் மருத்துவமனைக்கு வந்தவர்களை விட்டுவிட்டுத் தொலைபேசி வழியாக 18,000க்கும் மேற்பட்டவர்களை நேரே விசாரித்தபோது படம் மாறியது. நோய் அதிகம் இருந்தது பெண்களிடம், சிறுபான்மை இனத்தவரிடம், படிப்பும் வேலைநிலையும் குறைந்தவர்களிடம். மருத்துவமனைப் படியேறி, ஒத்துக்கொள்ளாத மருத்துவரை மாற்றி மாற்றிப் பார்க்க வசதி இருந்தவர்கள்தான் அதுவரை கண்ணில் பட்டிருந்தார்கள்.

இலக்கிய விமர்சகர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. எலெய்ன் ஷோவால்டர் பெண்ணிய விமர்சனத்தில் பெரிய பெயர். 1997இல் வந்த 'ஹிஸ்டரீஸ்' நூலில் அவர் இந்த நோயை, வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்பட்டதாகச் சொல்பவர்களின் கதைகளோடு ஒரே வரிசையில் வைத்தார். ஊடகங்கள் வழியாகப் பரவும் நவீன ஹிஸ்டீரியா என்பது அவர் வாதம். பெண்ணின் சொல்லை ஆண் மருத்துவம் எப்படி நம்ப மறுத்தது என்று எழுதியவர், நோயாளிப் பெண்களின் சொல்லைக் கதையாடலாக மட்டும் படித்தார்.

நம்ம ஆட்களும் சளைத்தவர்களில்லை. ஃபூக்கோவின் 'மருத்துவமனையின் பிறப்பு' பற்றிச் சிறுபத்திரிகைகளில் பேசப்பட்டபோதெல்லாம் 'நோய் என்பது ஒரு கட்டமைப்பு' என்ற ஒற்றை வாக்கியம்தான் மிஞ்சியது. உடலைக் கூறுபோடும் பார்வை, அதிகாரம், சொல்லாடல், முடிந்தது. அந்த நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உடம்புக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவம், உடம்பில் எங்கே என்று கேட்கத் தொடங்கிய தருணத்தை ஃபூக்கோ காட்டுகிறார். எங்கே என்ற கேள்விக்கு விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இல்லாத நோயாளி என்ன ஆவார்? அசைவு நோயாளிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. 'நோயே கட்டமைப்புதான்' என்று சொல்லும் கோட்பாட்டாளரும், 'டெஸ்ட்ல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்' என்று சொல்லும் டாக்டரும் அவரை அனுப்பிவைப்பது ஒரே வாசல் வழியாக.

இனி நம் ஏரிக்கரை. பழவேற்காடு டாஹோவைப் போன்றதல்ல. தமிழ்நாடும் ஆந்திரமும் பங்குபோட்டுக்கொள்ளும் உப்பங்கழி அது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. சுற்றுலாப் பயணி டச்சுக்காரர் கல்லறைகளையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். ஏரிக்குள் ஆண்கள் வலை போடும் இடங்களுக்கு 'பாடு' என்று பெயர். எந்த ஊர்க்காரர், எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய உரிமை அது. பெண்களுக்கு அந்தப் பாடு கிடையாது. அவர்களிலும், பாட்டுரிமை இல்லாத சாதிகளிலும், இருளரிலும் பலர் செய்வது கையால் இறால் பிடிப்பது. தண்ணீரில் குனிந்தும் உட்கார்ந்தும் அடிச்சேற்றைத் துழாவி, அகப்பட்டதை ஓலைப்பறியில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே சொல் ஒருவருக்கு உரிமை, இன்னொருவருக்குப் படுவது. முகத்துவாரம் மணல்மூடிக் கடல்நீர் வராமல் போகும்போது இறால் குறையும். அதே கூலிக்கு இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும்.

பொன்னேரியில் ஆசிரியராக இருக்கும் நண்பரோடு அங்கே ஒரு குப்பத்துக்குப் போயிருந்தபோது அப்படி இறால் பிடிக்கும் ஓர் அக்காவிடம் பேச நேர்ந்தது. நாற்பதைத் தாண்டியவர். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அவருக்கும் காய்ச்சல் வந்தது. டெஸ்ட் எடுக்கவில்லை. காய்ச்சல் போய்விட்டது, அவர் திரும்பி வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேல செஞ்ச அன்னிக்கி ஒண்ணும் தெரியாது தம்பி. மறுநா, இல்லன்னா அதுக்கு மறுநா, உடம்ப உள்ளேர்ந்து யாரோ உருவி எடுத்துட்ட மாரி ஆயிடும். அசதின்னா எனக்குத் தெரியாதா? பத்து வயசுலேர்ந்து தண்ணியில கெடக்குறேன். இது அந்த அசதி இல்ல."

அவருக்கு என்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு அசதிகளுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதை வாழ்நாள் முழுக்க உழைத்த உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது. மருத்துவம் அதைக் கட்டாய அடையாளமாக எழுதிக்கொள்ள 2015 ஆயிற்று. அவர் போன ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாவது இடத்தில் மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் சொன்ன சொல் வேறு. அது 'மடி' என்பதன் இன்றைய வடிவங்களில் ஒன்று, எழுத வேண்டியதில்லை.

தமிழில் இதற்குப் பெயர் இல்லையா என்றால், ஒன்று இருந்தது. நம் ஊர்ச் சுவர்களில், பஸ் ஸ்டாண்டுகளில், 'நரம்புத் தளர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் பார்க்காதவர் கிடையாது. இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன அறை என்று வைத்தியர் தங்கும் இடமும் இருக்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பிரபலப்படுத்திய 'நியூராஸ்தீனியா'தான். அதே நோய்ப்பெயர் சீனத்துக்குப் போய் 1980கள்வரை மனநலப் பிரிவுகளில் மிகப் பரவலாக வழங்கியது. ஆர்தர் க்ளைன்மன் அங்கே ஆய்ந்து, அந்தப் பெயருக்குள் கலாச்சாரப் புரட்சிக் காலத்தின் காயங்களும் மனச்சோர்வும் அடைக்கலம் புகுந்திருந்ததைக் காட்டினார். தமிழ்நாட்டில் அதே சொல் நேராகப் போய் உட்கார்ந்த இடம் ஆண்களின் விந்துக் கவலை. ஆகவே தளர்ச்சி என்ற சொல்லையே ஆண் எடுத்துக்கொண்டுவிட்டான். ஒரு மீனவப் பெண் டாக்டரிடம் போய் 'எனக்கு நரம்புத் தளர்ச்சி' என்றால் கம்பவுண்டர்கூடச் சிரிப்பார். அவருக்கு மிச்சமிருப்பவை அசதி, முடியல, ஒடம்பு ஒரு மாரியா இருக்கு. இவற்றை எந்த நோய்ப்பதிவேடும் ஏற்றுக்கொள்வதில்லை.

ரத்தசோகை என்ற விளக்கத்தைப் புறந்தள்ள முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் இருக்கும் ஒன்று எந்த அறிகுறிக்கும் விளக்கமாகிவிடும் என்பதுதான் ஆபத்து. விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்தி 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில் 12.1 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட களைப்பைச் சொன்னார்கள். அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவுக்கும் களைப்புக்கும் தொடர்பே காணப்படவில்லை. தொடர்பு இருந்தது பசியோடு, கடனோடு, குறைந்த படிப்போடு, கணவனின் வன்முறையோடு, மனச்சோர்வோடு. இந்திய மருத்துவ எழுத்தில் இது மிக நேர்மையான ஆய்வுகளில் ஒன்று என்பது என் எண்ணம். அதே சமயம் அதன் கேள்வி களைப்பு என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. அந்த 12.1 சதவீதத்துக்குள் எத்தனை பேருக்கு மறுநாள் சரிவு வந்தது என்று பிரித்துப் பார்க்க அதில் வழி இல்லை. பசித்தவளின் அசதியும், அடிபட்டவளின் அசதியும், ஒரு வைரஸுக்குப் பின் உயிரணுக்கள் மாறிப்போனவளின் அசதியும் ஒரே கட்டத்தில் கிடக்கின்றன. ஒரே பெண்ணுக்கு மூன்றும் இருக்கலாம் என்பது வேறு.

உலகம் முழுக்க ஆய்வாளர்கள் நீண்டகாலம் பின்பற்றிய வரையறை 1994இல் ஃபுகுடா என்பவர் தலைமையில் எழுதப்பட்டது. அதில் ஒரு நிபந்தனை: களைப்பு, நடந்துகொண்டிருக்கும் உழைப்பின் விளைவாக இருக்கக்கூடாது. இன்னொன்று: நோயாளியின் வேலை, படிப்பு, சமூக வாழ்க்கை முன்பிருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். உழைப்பு தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கிற ஒருவருக்கு முதல் நிபந்தனையிலேயே கதவு சாத்தப்படும். வேலையைக் குறைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்கிற ஒருவர் வேலையைக் குறைக்கவே மாட்டார். இரண்டாவது நிபந்தனையும் போயிற்று. லீவு போட முடிந்தவர்தான் இந்த வரையறைக்குள் நோயாளி ஆக முடியும். வரையறையை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் மனக்கண்ணில் இருந்த நோயாளிக்கு மெடிக்கல் லீவு இருந்தது, அவ்வளவுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாருமே அசந்துபோயிருக்கும் ஊரில், அசதியே நோயாக வந்தவர் யார் கண்ணிலும் படமாட்டார்.

அதனால்தான் உயிரியல் காரணங்களைத் தேடும் ஆய்வு எனக்கு முக்கியமாகிறது. அது மருத்துவ அதிகாரத்தின் நீட்சி என்று ஒதுக்கிவிட முடிந்தால் கட்டுரை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். உடம்பில் ஓர் அளவீடு கிடைத்துவிட்டால், லீவு எடுக்க முடியாதவரும் நோயாளி என்று காட்ட முடியும்.

தேடல் நேர்க்கோட்டில் போகவில்லை. 2009இல் 'சயின்ஸ்' இதழில், நோயாளிகளில் 67 சதவீதம் பேரிடம் எலிகளிலிருந்து வந்த ஒரு ரெட்ரோவைரஸ் இருப்பதாகக் கட்டுரை வந்தது. வேறு ஆய்வுக்கூடங்களில் அது கிடைக்கவில்லை. மாதிரிகளில் கலந்த கலப்படம் என்று தெரிந்து 2011 டிசம்பரில் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நார்வேயில் ரிட்டக்சிமாப் என்ற மருந்து சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தந்து, 151 பேரிடம் முறையாகச் சோதித்தபோது வெறும் உப்புநீரைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை என்று 2019இல் தெரிந்தது. இரண்டு முறையும் நோயாளிகள்தான் நொந்தார்கள்.

நின்ற முடிவுகளில் எனக்கு மிக நெருக்கமாகப் படுவது ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற கிராமப்புற நகரத்து ஆய்வு. மூன்று வெவ்வேறு தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் எழவில்லை. யார் எழமாட்டார்கள் என்பதைத் தீர்மானித்தது காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான். முன்பிருந்த மனநிலை அதைத் தீர்மானிக்கவில்லை. 2006இல் வெளியானது இது. அதே 2006இல்தான் இங்கே சிக்குன்குனியா ஊர் ஊராக ஆட்களை மடக்கிப் போட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்று அரசுக் கணக்கு. டப்போவில் ஆராயப்பட்ட மூன்று கிருமிகளில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ், சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவு, இரண்டும் ஆல்ஃபாவைரஸ்கள். 1964இலேயே சென்னையைப் பார்த்துவிட்டுப் போன கிருமி அது. காய்ச்சலுக்குப் பின் மூட்டுவலியோடு வருடக்கணக்கில் கிடந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர்களில் யாருக்கு வலி மட்டும் நின்றது, யாருக்கு அசைவு வந்தது என்று பிரித்துக் கேட்டிருக்கலாம்.

உடம்புக்குள் என்ன மாறுகிறது? நோயாளியைச் சைக்கிளில் ஏற்றி, மூச்சில் போகும் ஆக்சிஜனை அளந்தால் முதல் நாள் பலர் கிட்டத்தட்ட இயல்பாகவே இருப்பார்கள். இருபத்துநாலு மணி நேரம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஆரோக்கியமான ஆள், சோம்பேறி உட்பட, முதல்நாள் செய்ததை மறுநாளும் ஏறத்தாழச் செய்துவிடுவார். அசைவு நோயாளியால் முடியாது. ஆக்சிஜன் போதாமல் தசை மாற்றுவழியில் சக்தி தயாரிக்கத் தொடங்கும் கட்டம் இரண்டாம் நாளில் சீக்கிரமே வந்துவிடுகிறது. மடியையும் அசைவையும் ஒரு கருவி பிரித்துக் காட்டியது இப்படித்தான். முதல் நாள் மட்டும் சோதித்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிக்கொடுத்த டாக்டர்கள் பொய் சொல்லவில்லை, ஒரு நாள் முன்னதாகப் பார்த்தார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்குத் துண்டுதுண்டாகப் பதில்கள் வருகின்றன. சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சுவாச நொதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டாக இயங்க வேண்டும். அந்தச் சேர்க்கையை 'வாஸ்ஃப்3' என்ற புரதம் அளவுக்கு மீறிக் குலைக்கிறது என்று பால் ஹ்வாங் குழுவினர் 2023இல் காட்டினார்கள். ஒரே ஒரு பெண் நோயாளியின் உயிரணுக்களில் தொடங்கிய தேடல் அது. பிறகு சோதித்த 14 பேரின் தசைத்திசுவில் பெரும்பாலோரிடம் அந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், கோவிட்டுக்குப் பின் எழாத 25 பேரின் தொடைத் தசையிலிருந்து சைக்கிள் சோதனைக்கு முன்பும் பின்பும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைப்புக்குப் பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் செயல் குறைந்திருந்தது, தசைநார்கள் செத்துப்போன தடங்கள் கூடியிருந்தன. உழைப்பே நஞ்சு என்று மேலே எழுதியது உவமையாக அல்ல.

அடுத்த மாதமே அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வந்தது. 17 நோயாளிகள்தான், ஆனால் தலைமுதல் கால்வரை அளந்திருந்தார்கள். நீண்டகாலப் போரில் அயர்ந்துபோன டி செல்கள், தண்டுவட நீரில் குறைந்திருந்த வேதிப்பொருள்கள் என்று முக்கியமான சேதிகள் அதில் உண்டு. கூடவே 'முயற்சித் தெரிவு' என்ற ஒரு தொடரும் வந்து சேர்ந்தது. மூளை கடினமான முயற்சியைத் தவிர்த்து எளியதைத் தேர்ந்துகொள்கிறதாம். அதை விருப்பத்தின் விஷயமாகச் சொல்லவில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினாலும் நோயாளிகள் கொதித்தார்கள். கொதித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்தின் நடுவிலும் ஒரு சொல்லின் வழியாக மடி உள்ளே வந்துவிடுகிறது. இந்த இடத்தில் சொல்லாடலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது.

சொல் பிசகினால் உடம்பு என்ன விலை கொடுக்கும் என்பதற்குப் பிரிட்டனின் 'பேஸ்' ஆய்வு சாட்சி. நோயாளி பயத்தால் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் பலவீனம் நீடிக்கிறது, ஆகவே உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறிவிடுவார் என்ற கருத்தின் மேல் 641 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2011இல் 'லான்செட்'டில் வெற்றி என்று வெளியானது. பயிற்சி செய்து மோசமானோம் என்று நோயாளிகள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் தகவல் உரிமைச் சட்டப்படி போராடி, 2016இல் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு மூலத்தரவுகளை வெளிக்கொண்டுவந்தார். 'குணமடைதல்' என்பதன் அளவுகோல் நடுவழியில் தளர்த்தப்பட்டிருந்தது. முதலில் வகுத்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்த வெற்றி நிற்கவில்லை. 2021இல் பிரிட்டனின் அதிகாரபூர்வ வழிகாட்டி அந்தப் பயிற்சி முறையைக் கைவிட்டது. நம் ஊரில் 'சும்மா படுத்திருந்தா இன்னும் கெட்டுப்போகும், எழுந்து நட' என்ற அறிவுரைக்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டதில்லை. அது இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது.

இப்போதைக்கு மருந்து கிடையாது. தரப்படும் ஒரே உருப்படியான யோசனை அளந்து செலவழிப்பது: இருக்கும் சக்தியின் எல்லைக்குள் வேலையைப் பகுத்துக்கொள்வது, சரிவு வருமுன் நிறுத்துவது. இறால் எடைக்குக் காசு வாங்கும் ஒருவர் எதைப் பகுப்பார், எதை நிறுத்துவார்? இந்த இடத்தில் நோய் சமூகப் பிரச்சினையாகிவிடுகிறது என்று எழுதத் தோன்றும். உயிரியல் பிரச்சினையாக அது எப்போது ஒப்புக்கொள்ளப்படுகிறதோ அப்போதுதான் ஓய்வு என்பது ஒரு கோரிக்கையாகவே வைக்கப்பட முடியும் என்பதை அதோடு சேர்த்து எழுத வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கடலுக்கு ஓய்வு தேவை என்று அரசு ஒத்துக்கொண்ட பிறகு வந்ததுதானே.

2025 ஆகஸ்டில் எடின்பரோவிலிருந்து 'டிகோட்எம்ஈ' ஆய்வின் முதல் முடிவுகள் வந்தன. 15,579 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் குறித்திருக்கிறார்கள். அவற்றில் சில நோயெதிர்ப்போடும் சில நரம்பு மண்டலத்தோடும் சம்பந்தப்பட்டவை. ஒப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் ஐரோப்பிய வம்சாவளியினர். பழவேற்காட்டுக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே இன்னும் பல வருட தூரம் இருக்கிறது.

அதுவரை சைக்கிளும் தசைத்துணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரப்போவதில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பையில் இன்னும் ஒரு கருவி வைக்கலாம். பெர்லினில் அதே 2021இல் வெளியான ஓர் ஆய்வில், கைப்பிடி வலுவை அளக்கும் ஒரு சாதாரண அழுத்துமானியைப் பெண் நோயாளிகளிடம் கொடுத்துப் பத்து முறை முழுப் பலத்தோடு அழுத்தச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பத்து முறை. முதல் சுற்றிலேயே அவர்கள் பலம் ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாக இருந்தது, இரண்டாவது சுற்றில் மீளாமல் இன்னும் சரிந்தது. பெர்லின் பெண்களின் இயல்பளவை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. பத்து வயதிலிருந்து சேற்றைத் துழாவிய கையின் பாதிப் பலமே அங்கே இயல்பு என்று பதிவாகிவிடக்கூடும். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையை அவர் கையோடுதான், ஒரு மணி நேரத்துக்கு முந்திய அதே கையோடுதான் ஒப்பிட வேண்டும். மறுநாளும் போய் அதே கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் இன்னும் நல்லது.